தோழியின் குழந்தைக்குப் பால்பவுடர் டப்பா எத்தனை நாள் வருகிறது?

குழந்தை மருத்துவர் என்று தெரிந்துவிட்டால் கல்யாணப் பந்தியில்கூட விடமாட்டார்கள். ரசம் ஊற்றுவதற்குள் பக்கத்து இலையிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும். முன்பெல்லாம் சொந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்பார்கள். இப்போது கும்பகோணம் பக்கத்து இளம்பெண்கள் நிறையப் பேர் கேட்பது தோழியின் குழந்தையைப் பற்றி. "டாக்டர், என் ஃப்ரெண்டுக்குக் கொழந்த பொறந்து ரெண்டு மாசம், அவ பால் குடுக்குற விதமே எனக்குச் சரியாப் படல. சொன்னா கோவிச்சுக்குவா, சொல்லாம இருக்கவும் மனசு வரல."

நல்ல மனசுதான். ஆனால் இவர்கள் கவலைப்படுகிற விஷயம் ஒன்றாகவும் நான் கவலைப்படுகிற விஷயம் வேறாகவும் இருப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். தோழி கையில் பால் பாட்டில் இருந்தால் இவர்களுக்குப் பதறுகிறது. அதே வீட்டில் வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் யாருக்கும் பதறுவதில்லை.

என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரைக்கும் குழந்தை எத்தனை தடவை ஒன்றுக்குப் போனது என்பதுதான். பிறந்து ஐந்தாறு நாள் ஆன பிறகு 24 மணி நேரத்தில் ஆறு துணிக்குக் குறையாமல் நனைய வேண்டும், அதுவும் வெளுத்த நிறத்தில். அடுத்தது எடை. பிறந்த முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், பத்து சதவீதத்தைத் தாண்டாத வரை பயமில்லை, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20லிருந்து 30 கிராம் வரை ஏறும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், உங்கள் தோழி எந்தக் கையில் பிடித்து, எந்தப் பக்கம் சாய்த்து, எத்தனை மணிக்கு ஒருதரம் கொடுக்கிறாள் என்பதெல்லாம் அவள் பாடு.

இது தெரியாமல்தான் "பால் பத்தல" என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் கிளம்புகிறது. மூன்றாவது வாரம் வாக்கில், அப்புறம் ஆறாவது வாரத்தில், குழந்தை திடீரென்று மணிக்கொரு தரம் கேட்டு அழும். வளர்ச்சி வேகம் எடுக்கிற நேரம் அது. அழுகிற சத்தம் கேட்டதும் பெரியம்மா சொல்வார், மாமியார் சொல்வார், பிள்ளையைப் பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள், கடைசியில் அந்தப் பெண்ணே தன் மார்பில் பால் இல்லை என்று நம்பிவிடுவாள். ராத்திரிக்கு மட்டும் ஒரு பாட்டில் என்று ஆரம்பிக்கும். ஆனால் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக ஊறும். அந்த நேரம் குழந்தை மார்பில் சப்பவில்லை என்றால் சுரப்பு குறைந்துகொண்டே வரும், குறையக் குறைய இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில். ஒரு மாதத்தில் நிஜமாகவே பால் பத்தாமல் போய்விடும், அப்போது எல்லோரும் "அன்னைக்கே சொன்னோமே" என்பார்கள். நாகப்பட்டினம் பக்கம் பால் ஊறட்டும் என்று பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். நல்ல மீன், நன்றாகச் சாப்பிடட்டும், ஆனால் குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

பாட்டிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில தாய்மார்களால் கொடுக்க முடியாது. மார்பில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், அதைத் தோழியிடம் விளக்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. டப்பா பாலை முறையாகக் கலந்து கொடுத்தால் குழந்தை வளரும். "முறையாக" என்பதில்தான் என் கவலையெல்லாம். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு அளவுக்கரண்டி என்று எழுதியிருக்கும். விலையைப் பார்த்துவிட்டு 60 மில்லிக்கு ஒன்று போடுகிற வீடுகள் இருக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. குத்தகை நிலம், மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா என்று ஜூன் 12ஆம் தேதியை எதிர்பார்த்துக் கிடக்கிற குடும்பம், கையில் காசு ஓட்டம் இல்லாத மாதம், டப்பாவை இழுத்துப் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். வயிறு நிறைவதால் குழந்தை அழாது. எடை மட்டும் நின்றுபோகும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை டப்பா பால் மட்டும் குடித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட 100 கிராம் பவுடர் போகும். அப்படியென்றால் 400 கிராம் டப்பா நான்கு நாள்தான் வரும். எட்டு நாள் வருகிறது என்றால், தாய்ப்பாலும் சேர்த்துக் கொடுக்காத பட்சத்தில், பால் பாதித் தண்ணீர். ஆகவே "சரியாத்தான் கலக்குறியா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "டப்பா என்ன வெல விக்குது, எத்தன நாள் வருது?" என்று கேளுங்கள். விலைவாசியைப் பற்றிப் புலம்பும்போது உண்மை தானாக வெளியே வரும். பவுடர் கிருமியே இல்லாதது அல்ல. கொதித்த தண்ணீர் ரொம்ப ஆறிப்போவதற்குள், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். குடித்து மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. இன்னொன்று, பச்சிளம் குழந்தைகளுக்கான பால்பவுடரை விளம்பரம் செய்யவும் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுத்துப் பழக்கவும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது, டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. பிரசவ வார்டில் யாராவது அன்பாக ஒரு டப்பாவை நீட்டினால் அது அன்பு இல்லை.

டப்பாவை விட்டால் பசும்பால். டெல்டாவில் பேசிச் சமாளிக்க முடியாத பேச்சு இது. "நம்ம வீட்டு மாடு, கலப்படம் இல்ல, நாங்கல்லாம் இதுல வளந்தவங்கதான்" என்று பாட்டி சொல்லும்போது அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? மாட்டுப் பாலில் புரதம் தாய்ப்பாலைப்போல் மூன்று மடங்கு, உப்புகளும் அதிகம். கன்றுக்குட்டி வளர்கிற வேகத்துக்கு ஏற்றது, இரண்டு மாதக் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சுமை. இரும்புச் சத்தோ மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தக் கசிவும் உண்டாகும். பத்து மாதக் குழந்தை வெளிறிப்போய்க் கொழுகொழுவென்று வந்து உட்காரும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கியிருக்கும், குண்டாக இருக்கிறதே என்று வீட்டில் பெருமை வேறு. சரி, தண்ணீர் கலந்து கொடுத்தால்? புரதம் குறையும், கூடவே சக்தியும் பாதியாகிவிடும். ஒரு வயது முடிந்த பிறகு அந்த மாட்டுப் பாலை அளவாகக் கொடுக்கலாம், பாட்டியிடம் அப்படிச் சொன்னால் கொஞ்சம் சமாதானம் ஆவார்.

கத்திரி வெயிலில் மயிலாடுதுறையில் குழந்தைக்கு நாக்கு வறளாதா என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான், ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையே இல்லை. சின்னக் குழந்தைக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும். வசம்பைக் கையில் கட்டுங்கள், வாயில் வேண்டாம். குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விடுவதும், மூக்கைப் பிடித்துப் பாலாடையில் ஊற்றுவதும் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். இவற்றில் ஏதாவது நடப்பதைப் பார்த்தால் நாசூக்கு பார்க்காமல் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு பிரச்சினை தலைகீழ். பல் முளைக்கட்டும் என்று காத்திருப்பார்கள், அல்லது நொய்க் கஞ்சியின் தெளிவை மட்டும் கொடுப்பார்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கிற பதத்தில் மசித்த சோறும் பருப்பும், ஒரு சொட்டு நெய்யும் வேண்டும்.

இனி எப்படிப் பேசுவது. பிள்ளை பெற்ற பெண் இரவில் தொடர்ந்து மூன்று மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டாள். புருஷன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பான், வீடியோ காலில் அவனும் ஒரு யோசனை சொல்வான். ஏற்கனவே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நீங்களும் போனில் ஒரு வீடியோவை அனுப்பினால் பத்தோடு பதினொன்று. அதற்குப் பதிலாகச் சோறு கட்டிக்கொண்டு போங்கள், குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள். எழுந்த பிறகு "பால் குடுக்கும்போது வலிக்குதாடி?" என்று கேட்டுப் பாருங்கள், காம்பு வெடித்து ரத்தம் வருவதை அம்மாவிடம்கூடச் சொல்லாதவள் உங்களிடம் சொல்வாள். வாய் நிறையக் கவ்வ வைத்தால் தீர்ந்துவிடுகிற வலிக்காகப் பாலை நிறுத்தியவர்கள் ஏராளம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே பிடிக்கிற முறையைக் காட்டிக்கொடுப்பார். சும்மா சும்மா அழுகிறாள், குழந்தையைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது என்கிறாள், சாகலாம்போல இருக்கிறது என்கிறாள் என்றால் பால் பேச்சையே விட்டுவிட்டு அன்றைக்கே அவளை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவளைத் தனியாக விடாதீர்கள்.

குழந்தை பாலுக்குக்கூட எழாமல் துவண்டு கிடந்தாலும், துணி நனைவது குறைந்து உச்சிக்குழி உள்வாங்கினாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலும் தோழியின் கோபத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை. 108ஐ அழையுங்கள்; தஞ்சாவூர் ராசா மிராசுதார் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்கு ராத்திரியிலும் ஆள் இருக்கிறார்கள். மற்றபடி அவசரமில்லாத சந்தேகம் என்றால், தடுப்பூசிக்குப் போகிற நாளில் நீங்களும் துணைக்குப் போங்கள், எடை போடும்போது அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். என்னென்ன கொடுத்தார்கள் என்று மருத்துவர் கேட்டால் மருந்து, பொட்டலம், உரைமருந்து எதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், மாமியார் வெளியே உட்கார்ந்திருக்கும்போதாவது.