பழைய அவுட்போர்டு எஞ்சின்: கார்புரேட்டரைக் கழற்றலாமா?

சோக்கை இழுத்தால் எஞ்சின் ஓடுகிறது. உள்ளே தள்ளினால் நின்றுவிடுகிறது. பல மாதம் கரையில் கிடந்த, படகின் பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டில் இப்படி நடந்தால், பெரும்பாலும் கார்புரேட்டரைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் எல்லாக் கோளாறும் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. வேகம் ஏறாத எஞ்சினுக்கெல்லாம் கார்புரேட்டர் மேலேயே பழியைப் போட்டுக் கழற்றுவதால், நன்றாக இருந்த காஸ்கெட் கிழிவதுதான் பல இடங்களில் மிச்சம்.

கார்புரேட்டரின் காற்றுக்குழல் நடுவில் ஒடுங்கியிருக்கும். காற்று அந்த ஒடுக்கத்தைக் கடக்கும்போது வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மீது வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால், பெட்ரோல் மேலே தள்ளப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. எவ்வளவு போகலாம் என்பதை முடிவு செய்வது பித்தளை ஜெட்டின் துளை. மெதுவான ஓட்டத்துக்கான ஐடில் ஜெட்டில் அந்தத் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதன் சுவரில் 0.05 மில்லிமீட்டர் பிசின் படிந்தாலே விட்டம் 0.4 ஆகிவிடும், துளையின் பரப்பில் 36 சதவீதம் போய்விடும். கண்ணுக்கு ஜெட் திறந்தே தெரியும், எஞ்சினுக்கோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோல் குறைந்திருக்கும். சோக் காற்றை அடைத்து உறிஞ்சலைக் கூட்டுவதால் அந்தக் குறை தற்காலிகமாக ஈடாகிறது. சோக்கோடு மட்டும் ஓடுவதன் காரணம் இதுதான்.

கிண்ணத்தில் தங்கிய பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாக, மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசினாகிறது. இப்போது இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஜெட் இருப்பதும் அந்த அடியில்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. 50:1 கலவையில், அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில் ஊற்றும் எஞ்சினில், மசகு பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். கூடவே சூடும் ஏறும். மூன்று சிலிண்டருக்கு மூன்று கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் ஒன்று அடைத்தாலும் மற்ற இரண்டும் படகைத் தள்ளிக்கொண்டு போகும். அடைபட்ட சிலிண்டரில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் வரை ஓட்டுபவருக்கு வேகம் கொஞ்சம் குறைந்ததுபோல மட்டுமே தோன்றும்.

ஆகவே கார்புரேட்டரைத் தொடும் முன் முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எழுப்பும் அழுத்தம். எல்லா பிளக்கையும் கழற்றி, அவசர நிறுத்தக் கயிற்றை உருவி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி ஸ்டார்ட்டர் கயிற்றை நான்கைந்து முறை இழுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கார்புரேட்டருக்குச் செலவழிக்காதீர்கள். கோளாறு பிஸ்டன், ரிங் பக்கம். அடுத்து, அவசர நிறுத்தக் கயிற்றை மறுபடி மாட்டி, ஒவ்வொரு பிளக் வயரிலும் தீப்பொறி வருகிறதா என்று ஸ்பார்க் டெஸ்டரில் பாருங்கள். வயரைச் சும்மா காற்றில் தொங்கவிட்டு எஞ்சினைச் சுழற்றக் கூடாது, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சிடிஐ பெட்டி கெட்டுவிடலாம்.

இரண்டும் சரி என்றால் பெட்ரோல் வரும் வழி. டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருந்தால், எஞ்சின் நன்றாகக் கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே போகும். ஓட்டத்தில் திணறும்போது குழாயிலுள்ள ரப்பர் பல்பை அழுத்திப் பாருங்கள். உடனே வேகம் பிடித்தால் பழுது பெட்ரோல் பம்பின் டயாபிரம் என்ற சவ்விலோ காற்று புகும் குழாயிலோ இருக்கிறது. பல்பை அழுத்தியும் மாறவில்லை, சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சீராகிறது என்றால் அப்போது கார்புரேட்டர்தான். ஐடிலில் அணைந்துபோய், வேகத்தில் நன்றாக ஓடினால் ஐடில் ஜெட். ஐடில் நன்றாக இருந்து மேலே வேகம் ஏறாவிட்டால் மெயின் ஜெட். எஞ்சின் நின்ற பின்னும் கார்புரேட்டரின் வாயில் பெட்ரோல் சொட்டினால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வோ அதை இயக்கும் மிதவையோ.

குமரிக் கரையிலும் இலங்கையிலும் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டாவிட்டால், மறுநாள் கிண்ணத்தில் நிற்பது மண்ணெண்ணெய்தான். எத்தனை இழுத்தும் கிளம்பாத அந்த எஞ்சினுக்குக் கார்புரேட்டர் வேலை எதுவும் தேவையில்லை.

கழற்றுவது என்று முடிவானால் கிண்ணத்து பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருள்வது தண்ணீர். பழுப்பு நிறப் பிசுபிசுப்பு பழைய பெட்ரோல். வெள்ளைத் தூள் அலுமினியம் அரிப்பது. உடம்பில் குழிகள் விழுந்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, கார்புரேட்டரையே மாற்ற வேண்டும்.

கலவைத் திருகைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் முனை கெடும். ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டு, கண்ணாடி அணிந்து, ஒவ்வொரு துளையிலும் கிளீனர் ஸ்ப்ரே அடியுங்கள். அது மறுபக்கம் நேர்க்கோடாகப் பீய்ச்ச வேண்டும். ஜெட்டில் குண்டூசியோ ட்ரில்லோ விடவே விடாதீர்கள், பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிடும். மின்வயரின் மெல்லிய செம்பு இழை ஒன்று போதும். கார்புரேட்டரைக் கழற்றாமல் வாயில் ஸ்ப்ரே அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடைபட்ட ஜெட்டுக்குள் அது ஒழுங்காகப் போய்ச் சேராது. ஊசி வால்வு, காஸ்கெட், ஓ ரிங் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பல மாடல்களில், கார்புரேட்டரைக் கவிழ்த்துப் பிடித்தால் மிதவை உடம்பின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும்.

மாட்டியபின், தண்ணீர் ஓட்டம் இல்லாமல் ஒரு முறைகூட இயக்காதீர்கள், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் கருகிவிடும். ஒரு மணி நேரம் கடலில் ஓட்டிவிட்டுப் பிளக்குகளை வரிசையாக எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் கார்புரேட்டரை அன்றே மறுபடி திறக்க வேண்டும்.