வயதான பின் வரும் சர்க்கரை: தாகமும் நடுக்கமும் ஏன் காட்டிக்கொடுப்பதில்லை

அறுபது, எழுபது வயதில் சர்க்கரை நோய் பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவருகிறது. கண்புரை அறுவைக்கு முன்போ, ஆறாத புண்ணைக் காட்டப் போகும்போதோ. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, லேப்பில் ஏதோ தப்பாகப் போட்டிருப்பார்கள்" என்பதுதான் பலரின் முதல் பதில். தொந்தரவு இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். சர்க்கரை ஏறியதை அறிவிக்க வேண்டிய உறுப்புகளே வயதில் மந்தமாகிவிடுகின்றன.

சிறுநீரகம் தான் வடிகட்டும் குளுக்கோஸ் முழுவதையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். ரத்தத்தில் அளவு சுமார் 180 மி.கி.யைத் (ஒரு டெசிலிட்டருக்கு) தாண்டினால்தான் அணை நிரம்பி வழிவதுபோல மிச்சம் சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம் என்ற பழைய அடையாளம் அப்படித்தான் வருகிறது. முதுமையில் பலருக்கு இந்த வரம்பு உயர்ந்துவிடுகிறது. 200-ஐத் தாண்டியும் சிறுநீரில் ஒன்றும் வராமல் இருக்கலாம். சிறுநீரை மட்டும் சோதித்து "சர்க்கரை இல்லை" என்று நிம்மதியடைவது இந்த வயதில் சரிவராது. உடலில் நீர் குறைந்தாலும் மூளை தாகத்தை முன்போல எழுப்புவதில்லை. மிஞ்சுவது காரணம் தெரியாத அசதி, எடை குறைவு, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்பில் அரிப்பு, மங்கும் பார்வை. ஒவ்வொன்றுக்கும் "வயசாயிடுச்சு" என்ற விளக்கம் தயாராக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆகவே எண்களைத்தான் நம்ப வேண்டும். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் 126 அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல்: இவற்றில் ஒன்று இருந்தால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவு போதாது. இன்னொரு முறை எடுத்தோ வேறொரு பரிசோதனையாலோ உறுதி செய்ய வேண்டும். லேப் மேல் சந்தேகப்படுபவர் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதன் அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டும். அதிலும் கடைசி மாதத்தின் பங்குதான் அதிகம். 7 சதவீதம் என்றால் சராசரி 154, 8 என்றால் 183. முதியவர்களிடம் இந்த எண் ஏமாற்றவும் செய்யும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் நீண்ட நாள் சுற்றுவதால் எண் பொய்யாக ஏறும். ரத்தக்கசிவு இருந்தாலோ, அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, முற்றிய சிறுநீரக நோய் இருந்தாலோ பொய்யாக இறங்கும். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் ஹெச்பிஏ1சியை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவது நல்ல வழக்கம் அல்ல.

இத்தனை வருடம் வராதது இப்போது ஏன்? சாப்பிட்டபின் இன்சுலின் சொல்லி ரத்தத்தை விட்டு வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது. வயதோடு தசை குறைகிறது, வயிற்றுக்குள் கொழுப்பு கூடுகிறது, இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களின் கையிருப்பும் சுருங்குகிறது. இரவில் கல்லீரல் குளுக்கோஸ் விடுவதை இன்சுலின்தான் கட்டுக்குள் வைக்கும். அது தளரும்போது, இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் அளவு ஏறித்தான் இருக்கும். இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு "அப்படியும் குறையவில்லை" என்று வருத்தப்படுபவர்களுக்கு நடப்பது இதுதான்.

நடையின் பலனும் தசை வழியாகவே வருகிறது. குளுக்கோஸை உள்ளே விடும் குளூட்4 என்ற புரதம் சாதாரணமாகத் தசைச் செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்தால் செல்லின் மேற்பரப்புக்கு நகரும். தசை சுருங்கினாலும் இன்சுலின் இல்லாமலேயே நகரும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏற்றம் தணிவது இதனால்தான். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி போன்றவை தசையையே காப்பாற்றும். இந்த வயதில் எடை குறைப்பதையே ஒரே குறியாக வைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். உணவில் மாவுச்சத்தைக் குறைக்கும்போது புரதத்தையும் சேர்த்துக் குறைத்துவிடக் கூடாது. சிறுநீரக நோய் இல்லாத முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் புரதமாவது தேவை.

எல்லோருக்கும் இதே கதை அல்ல. மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்குக் காலை வெறும் வயிற்றில் சரியாக இருந்து, பிற்பகலில் எகிறும். ஒல்லியானவருக்கு மாத்திரை சீக்கிரமே பலிக்காமல் போனால், உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழிக்கும் வகையாக இருக்கலாம். அதற்கு எதிர்ப்பொருள் பரிசோதனை உண்டு. புதிதாகச் சர்க்கரை வந்த கையோடு எடை வேகமாக இறங்கினால், அரிதாக இருந்தாலும், கணையப் புற்றுநோயைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பலரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். முதியவரை அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போவது பல நேரம் இறங்குவதுதான். 70-க்குக் கீழ் போனால் தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழ் ஆபத்து. இளையவருக்கு அளவு இறங்கும்போது முதலில் அட்ரினலின் சுரக்கும்: கை நடுக்கம், படபடப்பு, வியர்வை. இன்னும் இறங்கினால்தான் மூளை தடுமாறும். இரண்டுக்கும் நடுவே எதையாவது எடுத்துச் சாப்பிட அவகாசம் இருக்கும். முதுமையில் அட்ரினலின் தாமதமாக எழுவதால் அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லாமலே போகிறது. நடுங்கும்போதே குழப்பமும் வந்துவிடும். சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், சில சமயம் ஒரு பக்கம் கை கால் இழுப்பது என்று பக்கவாதம் போலவே தோன்றலாம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்து வியர்வை மட்டும் மிஞ்சும்.

விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு உறிஞ்சுதலைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் இறங்கியிருந்தால், ஏறிய அளவு சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். மருந்து இன்னும் உடலில் இருக்கும், ஆகவே மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதே சரி. கிளிபென்கிளமைடு முதியவர்களுக்கு வேண்டாம் என்பது பொதுவான வழிகாட்டல். அதன் சிதைபொருள்களும் வேலை செய்பவை, சிறுநீரகம் மெதுவாக இயங்கினால் தேங்கிவிடும்.

இதனால்தான் இலக்கும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மற்றபடி திடகாத்திரமாக இருப்பவருக்கு ஹெச்பிஏ1சி 7 முதல் 7.5-க்குள், பல நோய்கள் உள்ளவருக்கு 8-க்குள் என்பது ஏற்கப்பட்ட அளவு. தாழ்சர்க்கரை உண்டாக்கும் மாத்திரை எடுக்கும் எண்பது வயதுக்காரருக்கு 6 என்று வந்தால், பாராட்டுவதைவிட மருந்தைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

முதல் மருந்து பெரும்பாலும் மெட்ஃபார்மின். தனியாக எடுத்தால் அது சர்க்கரையை ஆபத்தாக இறக்காது. 500 மி.கி.யைச் சாப்பாட்டோடு தொடங்கி வாரக்கணக்கில் கூட்டினால் வயிற்றுப்போக்கு குறையும். தொடங்கும் முன் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண், தெரிந்திருக்க வேண்டும். அது 30-க்குக் கீழ் இருந்தால் மெட்ஃபார்மின் கூடாது. வருடக்கணக்கில் எடுப்பவருக்கு பி12 குறையலாம். அதனால் வரும் கால் மரமரப்பைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவது வழக்கம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும்.

குளுக்கோமீட்டர் வாங்கியவுடன் எழும் சண்டை, லேப் எண்ணும் வீட்டு எண்ணும் ஒத்துப்போவதில்லை என்பது. ஸ்டிரிப்பின் நுனியில் உள்ள என்சைம் குளுக்கோஸோடு வினைபுரிந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மீட்டர் அளப்பது அதைத்தான். உண்மை அளவு 200 என்றால் 170 முதல் 230 வரை எது காட்டினாலும் தரவிதிக்கு உட்பட்டதே. சாப்பிட்டபின் விரல்நுனி ரத்தத்தில் சிரை ரத்தத்தைவிடச் சர்க்கரை கூடுதலாகவே இருக்கும். லேப் குழாயில் ரத்தம் பிரிக்கப்படாமல் காத்திருந்தால் அணுக்களே குளுக்கோஸைத் தின்று மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். நம் பக்கத்துத் தவறுகளும் உண்டு. பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் எண் எகிறும். ஸ்பிரிட் காயாத விரலும் சரிவராது. ரத்தம் வரவில்லை என்று நுனியை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலக்கும். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவித் துடைத்து, சற்று நேரம் தொங்கவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்தினால் துளி தானாக வரும், வலியும் குறைவு. ஸ்டிரிப் டப்பாவைத் திறந்துவைத்தால் ஈரப்பதம் என்சைமைக் கெடுத்துவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பதைவிட, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் ஜோடியாகப் பார்த்து, மறுநாள் வேறு வேளைக்கு மாற்றினால் எந்த உணவு ஏற்றுகிறது என்று புலப்படும்.

நோய் தெரியவந்த அன்றே கண், கால், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அது தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருக்கலாம். கண் பாப்பாவை விரித்து விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனை, பாதத்தில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையின் தொடுகை தெரிகிறதா என்ற சோதனை. இழை படுவது தெரியாதவர் செருப்புக்குள் கிடக்கும் கல்லையும் உணரமாட்டார். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியை மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் வில்லையும் நீர் வாங்கி வடிவம் மாறுகிறது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பவர் மறுபடி மாறும்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தைப் பற்றி உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும். உடல் வறளும்போது மெட்ஃபார்மினையும், ஃப்ளோசின் என்று முடியும் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். இரண்டாவது வகையில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே, கொழுப்பு சிதைவதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேரலாம். இன்சுலின் போடுபவர், சாப்பிடவில்லை என்பதற்காக அதைத் தாமாக முழுவதும் நிறுத்தக் கூடாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயால் நீருக்கு வரம்பு உள்ளவர் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில நாள் வறட்சியிலேயே முதியவருக்குச் சர்க்கரை 600-ஐத் தாண்டி மயக்க நிலைக்குப் போய்விடும். குடித்தது தங்கவில்லை, அளவு 300-க்கு மேலேயே நிற்கிறது, அல்லது எழுப்பினால் சரியாகப் பேச்சு வரவில்லை என்றால், மறுநாள் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே கிளம்ப வேண்டும்.