பம்புக்குள் தானே திரும்பும் வளையம்

வவுனியாவிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடையது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப், 3எல் வகை டீசல் எஞ்சின். டீசல் பம்பையும் சுழற்றும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பிறகு காலையில் வெள்ளைப் புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை. மெக்கானிக், சிலிண்டர்களுக்கு டீசல் அனுப்பும் அந்தப் பம்பின் நட்டுகளைத் தளர்த்தி, பம்பையே ஒரு நூல் திருப்பி இறுக்கினாராம். புகை நின்றுவிட்டது. "ஒரு நூலில் அப்படி என்ன மாறிவிடும்?" என்பது அவர் கேள்வி.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 22 மடங்கு நெருக்குகிறது, காற்று கொதிக்கிறது, அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் பீய்ச்சிய கணத்திலேயே அது பற்றுவதில்லை.

தாளிக்கும்போது கவனித்திருப்பீர்கள். காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டால் ஒரு கணம் சும்மா கிடக்கும், பிறகுதான் வெடிக்கும். டீசலும் அப்படித்தான். துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, சூடேறிய பிறகே தீப்பிடிக்கும். அந்தத் தாமதம் ஒரு மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது அதற்குள் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 5 டிகிரிகூட நகராது. 3000 சுற்றில் அதே நேரத்தில் 18 டிகிரி ஓடிவிடும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பீய்ச்சத் தொடங்க வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முந்த வேண்டும்.

பிந்தினால் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் நெருப்பு வரும். தள்ளுவதற்கு உரிய நேரம் போய்விடும், இழுவை குறையும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் டீசலில் ஒரு பகுதி எரியாமலே வெள்ளைப் புகையாக வெளியேறும். மிகவும் முந்தினால் காற்று இன்னும் போதிய சூடாகியிருக்காது. தாமதம் நீளும், டீசல் சேர்ந்துகொண்டே போகும், பிறகு அத்தனை கடுகும் ஒரே நேரத்தில் வெடித்ததுபோல் மொத்தமாகப் பற்றும். அந்த "டக டக" சத்தம் பிஸ்டன் வாங்கும் அடி.

இப்போது அந்த ஒரு நூலைக் கணக்குப் பார்ப்போம். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, சுமார் 3 மில்லிமீட்டர். பம்பின் விளிம்பில் அது ஏறத்தாழ 3 டிகிரி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் பம்ப் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால், கிராங்கின் கணக்கில் அது 6 டிகிரி. இதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

ஆனால் கையால் திருப்பி இறுக்கிவிட்டால் அது ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. வேகம் கூடினால் முந்த வேண்டும் என்றோமே, அதை யார் செய்வது? கணினியோ மின்சாரமோ உதவாமலே, அந்தப் பம்ப் தன்னுள் இருக்கும் டீசலைக் கொண்டே செய்துகொள்கிறது. நான் நெஞ்சார ரசிக்கும் இடம் இதுதான்.

இவ்வகைப் பம்ப் போஷ் நிறுவனத்தின் விஇ வடிவமைப்பைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தித் தள்ள ஒரே ஒரு பிளஞ்சர், அதாவது தள்ளுதண்டு. பிளஞ்சரின் அடியில் நான்கு மேடுகள் கொண்ட கேம் தட்டு. அது உருளைகள் பதித்த ஒரு வளையத்தின்மேல் சுழல்கிறது. மேடு உருளைமேல் ஏறும்போதெல்லாம் பிளஞ்சர் முன்னே தள்ளப்பட்டு ஒரு சிலிண்டருக்கு டீசல் போகிறது. இவற்றைச் சுழற்றும் அதே தண்டில், டீசலை உள்ளே இழுக்கும் ஒரு சிறிய பம்பும் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடினால் பம்பின் வயிற்றுக்குள் டீசலின் அழுத்தமும் கூடும்: மெதுவாக ஓடும்போது 2, 3 பார் (பார் என்பது அழுத்த அலகு), உச்ச வேகத்தில் 7, 8 பார். ஆக, அழுத்தத்தைப் பார்த்தாலே வேகம் தெரிந்துவிடும்.

பம்பின் அடிவயிற்றில் குறுக்காக ஒரு சிறு பிஸ்டன் படுத்திருக்கிறது. ஒரு பக்கம் அந்த டீசல் அழுத்தம், மறுபக்கம் ஸ்பிரிங். நடுவில் ஒரு முளை, உருளைகள் பதித்த அந்த வளையத்தைப் பிடித்திருக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் ஸ்பிரிங்கை வென்று பிஸ்டனை நகர்த்தும். வளையம் தண்டு சுழலும் திசைக்கு எதிராகத் திரும்பும். மேடு உருளையை முன்னதாகவே சந்திக்கும், பீய்ச்சலும் முந்தும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். மெக்கானிக் வெளியே செய்ததும் இதையேதான். அவர் பம்பின் உடலைத் திருப்பினார், டீசல் உள்ளேயுள்ள வளையத்தைத் திருப்புகிறது.

குறுக்கே வெட்டித் திறந்த ஒரு பம்பில் அந்த வளையத்தை விரலால் நகர்த்திப் பார்த்திருக்கிறேன். சில மில்லிமீட்டர்தான் அசையும். அப்படி வெட்டிய பம்ப் ஒன்று ஒவ்வொரு தொழிற்பயிற்சிக் கூடத்திலும் மாணவர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இது புரிந்த பிள்ளை, எரிபொருள் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று யாராவது விற்க வந்தால் ஏமாறாது.

ஹைலக்ஸ்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: குளிர்ந்த எஞ்சினில் டைமிங்கை, அதாவது பீய்ச்சும் நேரத்தை, முந்தவைக்க ஒரு மெழுகுக் கூடும் பம்பில் உண்டு. தண்ணீர் சூடானால் மெழுகு விரிந்து அதை விடுவிக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, இதன் நெம்பை விலக்கி வைக்காமல் அளந்தால் அளவே தப்பாகும்.

காதால் கேட்டு டைமிங் வைப்பவர்களின் திறமையை நான் மதிக்கிறேன். இருந்தாலும் அடுத்த முறை டயல் கேஜ், அதாவது மிகச் சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுகருவி, வைத்து அளக்கக் கேளுங்கள். பம்பின் தலையிலுள்ள சிறு போல்ட்டைக் கழற்றி அதில் கேஜைப் பொருத்துவார்கள். முதல் சிலிண்டர் உச்சிக்குச் சற்று முன், முள் அசையாமல் நிற்கும் இடத்தில் பூஜ்யம் வைத்து, கிராங்கை மெல்ல உச்சிக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் பிளஞ்சர் எவ்வளவு எழுந்தது என்று முள் காட்டும். அது 1 மில்லிமீட்டரை ஒட்டிய அளவு, எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டில் இருக்கும். குறைவாக இருந்தால் டைமிங் பிந்தியிருக்கிறது என்று பொருள். தண்டு சுழலும் திசைக்கு எதிராகப் பம்பைத் திருப்ப வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். இறுக்கும்போதே பம்ப் ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும்.