ரெஸ்யூமே: தன்விவரச் சுருக்கம்

ரெஸ்யூமே பிரெஞ்சுச் சொல். 'சுருக்கப்பட்டது' என்று பொருள். 'மீண்டும் எடுத்தல்' எனும் லத்தீன் வினை இதன் வேர். பிரான்சில் எந்தக் கட்டுரையின் சுருக்கமும் ரெஸ்யூமேதான். வேலைக்குக் கொடுப்பதை அங்கே சி.வி. என்பார்கள். அதன் விரிவு கரிக்குலம் விட்டே, அதாவது 'வாழ்க்கை ஓட்டம்'.

நம்மிடம் பயோடேட்டா என்ற சொல்தான் முன்பு பரவலாக இருந்தது. வரன் பார்க்கவும் அதே பெயரில்தான் தாள் கொடுக்கிறோம். அதனால் தந்தை பெயர், மதம், 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் ரெஸ்யூமேயிலும் ஏறி, வேலை அனுபவத்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

தமிழில் சுயவிவரம், தன்விவரக் குறிப்பு என்கிறோம். இலங்கையில் சுயவிபரக் கோவை. 'தற்குறிப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரைக் குறிக்கும் 'தற்குறி' அதில் ஒலிப்பதால் அது வேண்டாம். மூலச் சொல்லின் பொருளுக்கு நெருக்கமானது 'தன்விவரச் சுருக்கம்'. எதை விடுவது என்று யோசிக்க வைப்பதும் அந்தச் சொல்தான்.

மாணவர்கள் பெரும்பாலும் விடக் கூடாததை விடுகிறார்கள். பகுதிநேர வேலையை 'இதெல்லாம் அனுபவமா' என்று ஒதுக்குகிறார்கள். எழுதினாலும் 'துணிக்கடையில் வேலை பார்த்தேன்' என்பதோடு சரி. என்ன வேலை, எவ்வளவு காலம், எத்தனை, யாரிடம் பொறுப்பு என்பவை அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'தீபாவளி விற்பனைக் காலத்தில் 6 வாரம் பில்லிங் கவுன்ட்டர், நாளொன்றுக்குச் சுமார் 120 பில், இரவு கல்லாக் கணக்கைச் சரிபார்த்து மேலாளரிடம் ஒப்படைப்பு.' கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்தால் கல்லாக் கணக்கை முதலில் வையுங்கள், விற்பனை வேலைக்கு என்றால் வாடிக்கையாளரைக் கவனித்ததை. எண்களை மிகைப்படுத்திச் சொல்ல வேண்டாம். 'எப்படிக் கணக்கிட்டீர்கள்?' என்று நேர்காணலில் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

டியூஷன் எடுத்தது, இன்பிளாண்ட் டிரெயினிங் (தொழிற்சாலைக்குப் போய்ப் பெறும் பயிற்சி), கல்லூரி விழாவின் வரவுசெலவு பார்த்தது எல்லாவற்றுக்கும் இதே முறை. ஆனால் பயிற்சியில் இயந்திரத்தைப் பார்த்தது மட்டும்தான் என்றால் 'இயக்கினேன்' என்று எழுதக் கூடாது.

அண்மைய வேலை மேலே. மொத்தம் ஒரு பக்கம். விவரங்களைக் கட்டங்களுக்குள்ளோ அருகருகே இரண்டு பத்திகளாகவோ அடுக்காதீர்கள். விண்ணப்பங்களை வடிகட்டும் சில மென்பொருள்கள் அவற்றைக் குறுக்காகப் படித்து, ஒரு வேலையின் தேதியை இன்னொன்றோடு சேர்த்துவிடும்.