திரையில் நட்சத்திரம் வாங்கும் குழந்தை, தாளில் ஏன் தடுமாறுகிறது?

"டேப்ல எல்லா எழுத்தும் அழகா போடுறா. நோட்டுல எழுதச் சொன்னா அழுறா." கையெழுத்துச் சிக்கலுக்காகக் குழந்தையை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது. குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) என்ற முறையில் நான் முதலில் சொல்வது: இதில் பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. எழுதுவது வேறு, கோட்டின் மேல் விரலை நகர்த்துவது வேறு. டேப்பில் இதுவரை நடந்தது இரண்டாவதுதான்.

எழுத்துப் பழக்கும் செயலிகள் பலவற்றில் எழுத்து புள்ளிக்கோடாகத் தெரியும். எங்கே தொடங்க வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். விரல் கொஞ்சம் விலகினாலும் கோடு சரியான இடத்திலேயே விழும். முடித்ததும் நட்சத்திரம், கைதட்டல். 'அ' எழுதச் சுழியை எந்தப் பக்கம் சுற்றுவது, எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவையெல்லாம் செயலியே எடுத்துவிடுகிறது. குழந்தை யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

இதை ஆய்வாளர்கள் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை, சில எழுத்துகளைத் தாமாகவே எழுதவும், சிலவற்றைக் கோட்டின் மேல் வரையவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாசிப்புக்குப் பயன்படும் மூளைப் பகுதிகள், தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் நன்றாக இயங்கின. குழந்தை பத்து முறை எழுதினால் பத்தும் பத்து விதமாகக் கோணலாக இருக்கும். இத்தனை கோணலிலும் மாறாமல் இருப்பது எது என்று கண்டுகொள்வதில்தான் அந்த எழுத்து மனதில் பதிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆகவே, தாளில் புள்ளி எழுத்தின் மேல் பக்கம் பக்கமாக எழுதவைப்பதையும் நான் பெரிதாக ஆதரிப்பதில்லை.

அப்புறம் கை. பல டேப்களில் உள்ளங்கை பட்டாலே கோடு விழுந்துவிடும். அதனால் குழந்தை கையை மேசையில் ஊன்றாமல், தூக்கிப் பிடித்தபடி ஸ்டைலஸை (திரையில் எழுதும் பேனாவை) ஓட்டப் பழகுகிறது. விரல்கள் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்கிறது. அதே பழக்கத்தோடு நோட்டுக்கு வந்தால் எழுத்து பெரிதாகிக் கோட்டைத் தாண்டுகிறது, சீக்கிரம் கை வலிக்கிறது. கண்ணாடியின் வழுவழுப்பும் ஒரு காரணம். பென்சில் தாளில் உரசும்போது, எவ்வளவு அழுத்துகிறோம், எங்கே நிற்கிறோம் என்று விரலுக்குத் தெரியும். கண்ணாடியில் அது தெரிவதில்லை. இரண்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை டேப் திரையில் எழுதவைத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இரு வகுப்பினரின் எழுத்தும் தாளில் எழுதியதைவிடத் தெளிவு குறைந்தே இருந்தது.

தமிழ் எழுதும் குழந்தைக்கு இன்னொன்றும் உண்டு. 'கொ' எழுதும் கை முதலில் கொம்பு போட்டு, பிறகு 'க' எழுதி, கடைசியில் கால் போட வேண்டும். விசைப்பலகையில் 'க'வையும் 'ஒ'வையும் தட்டினால் மூன்றும் தாமாக வந்து நிற்கின்றன. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழை வரவழைத்தால் அந்த வடிவத்தைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. பரிந்துரையில் வரும் சொல்லைத் தொட்டுவிட்டால் 'ர'வா 'ற'வா என்று யோசிக்கக்கூட வேண்டாம்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நின்றுகொண்டு ஸ்மார்ட் போர்டில் பெரிதாக எழுதுவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. ஆசிரியரின் கை எழுதுவதைக் கேமரா வழியாக வகுப்பு முழுவதற்கும் காட்டுவதும் மிக நல்ல உத்தி. டிஸ்கிராஃபியா (எழுதுவதில் தொடர்ந்து சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள குழந்தைக்கு, முறையாக மதிப்பிட்ட பிறகு, விசைப்பலகையோ குரல் தட்டச்சோ தருவது அவசியம். மனதில் கதை நிறைந்திருக்கும் குழந்தையை, கையெழுத்து சரியாகட்டும் என்று காத்திருக்க வைப்பது அநியாயம்.

வீட்டிலேயே ஒன்றைச் சோதிக்கலாம். வெறும் தாள் கொடுத்து, மாதிரி எதையும் காட்டாமல், எழுத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். அழகைப் பார்க்காதீர்கள், எங்கே தொடங்குகிறது, நடுவில் நின்று யோசிக்கிறதா, ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போகிறதா என்று பாருங்கள். குழந்தை இன்னும் சதுரத்தையும் பெருக்கல் குறியையும் பார்த்து வரைய முடியாமல் திணறினால், எழுத்துகளைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துக் கோடு, வட்டம், கட்டம் என்று விளையாட விடுங்கள். களிமண் பிசைவதும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி.

பள்ளியில் டேப் கட்டாயம் என்றால் சண்டை போட வேண்டியதில்லை. திரையில் ஓர் எழுத்தை முடித்த கையோடு, அதே எழுத்தைத் திரையைப் பார்க்காமல் தாளில் மூன்று நான்கு முறை எழுத நேரம் ஒதுக்குமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தத் தாளை வீட்டுக்கு அனுப்பவும் சொல்லுங்கள்.