‘அப்ஹோர்’: வெறுப்பு அல்ல, அருவருப்பு

‘அப்ஹோர்’ என்பது ஓர் ஆங்கில வினைச்சொல். அதன் பெயர்ச்சொல் ‘அப்ஹொரன்ஸ்’, பெயரடை ‘அப்ஹொரன்ட்’. ஒரு செயலோ கொள்கையோ மனிதருக்கு அடுக்காதது என்று கண்டு, உடலும் மனமும் ஒருமிக்க அதைவிட்டு விலகுவதை இது குறிக்கும். இதற்குத் தமிழில் நேர்ச்சொல் அருவருத்தல். ‘அப்ஹொரன்ட்’ என்றால் அருவருக்கத்தக்க. கையகராதிகளில் பெரும்பாலும் ‘வெறு’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இலங்கையின் வடக்கே வன்னியில் இந்தச் சொல் பரீட்சைத் தாளோடு நிற்பதில்லை. ஜெனிவாவிலிருந்து வரும் ஐ.நா. மனித உரிமை அறிக்கைகளில் இருக்கிறது, தூதரகங்களின் செய்திக்குறிப்புகளில் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நடத்திவரும் போராட்டங்களின் கோரிக்கைகள் தமிழில் எழுதப்பட்டு ஆங்கிலத்திலும் போகின்றன. அந்த இடத்தில் ‘வெறுக்கிறோம்’ என்று எழுதுவதும் ‘அருவருக்கத்தக்கது’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. வாசிப்பவர் மனத்தில் யார் குற்றவாளியாகத் தெரிகிறார் என்பதே மாறிவிடும்.

சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘ஹொறேரே’ என்றால் மயிர் குத்திட்டு நிற்றல், நடுங்குதல். ‘அப்’ என்ற முன்னொட்டு விலகலைக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் நடுங்கிப் பின்வாங்குதல். பேய்ப்படங்களை ‘ஹொறர்’ படம் என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். ஆங்கில எழுத்தில் 15ஆம் நூற்றாண்டளவில் இது காணப்படுகிறது. வேரை வைத்து ‘மயிர்க்கூச்செறிதல்’ என்று பெயர்க்கலாமா என்றால், கூடாது. தமிழில் அது பக்தியிலும் மகிழ்ச்சியிலும் கூட நிகழும். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் பறை முழங்கும்போது உடம்பு புல்லரிப்பதையும் அதே சொல்லால்தான் சொல்வோம்.

இந்தச் சொல்லின் உயிர் அந்த ‘அப்’பில் இருக்கிறது. ‘ஹேட்’ என்கிற வெறுப்பு எதிராளியை நோக்கிப் போகக்கூடியது. அவனுக்குக் கேடு நினைக்கும். ‘அப்ஹோர்’ விலகிப் போகும். வன்னிப் பேச்சிலேயே இந்த வேறுபாடு தெளிவாக உண்டு. ‘அவனை எனக்குக் கண்ணிலயும் காட்டேலாது’ என்றால் அது சொந்த வெறுப்பு. சொல்பவருக்கும் அவனுக்கும் இடையில் உள்ள சங்கதி. ‘சீ, மனிசர் செய்யிற வேலையே இது?’ என்றால் அது அப்ஹொரன்ஸ். இங்கே சொல்பவரின் விருப்பு வெறுப்பு பின்னுக்குப் போய், மனிதர் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற அளவுகோல் முன்னுக்கு வருகிறது.

எழுத்தில் இது எப்படிப் புரளுகிறது என்று ஒரு வசனத்தில் பார்க்கலாம். போருக்குப் பின், போரில் இறந்த போராளிகளுக்கான கிளிநொச்சி கனகபுரம் துயிலுமில்லத்தின் கல்லறைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அதைப் பற்றி ஒரு மனுவில் ‘கல்லறைகளை இடித்தவர்களை நாங்கள் வெறுக்கிறோம்’ என்று எழுதினால், ஆங்கிலத்தில் அது ‘வீ ஹேட்’ என்று தொடங்கும். வாசிப்பவர் கண்ணில் முதலில் படுவது மனுதாரரின் வெறுப்பு. இடிப்பு வசனத்தின் வாலுக்குப் போய்விடுகிறது. ‘இறந்தோரின் கல்லறைகளை இடித்தல் அருவருக்கத்தக்க செயல்’ என்று எழுதினால் எழுவாய் செயலாகிறது; ஆங்கிலத்திலும் ‘இஸ் அப்ஹொரன்ட்’ என்று செயலின் தலையிலேயே பாரம் விழும். துயரப்பட்டவர் வெறுப்பவராக மாறித் தெரிவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஒரு சொல்லால் அதைத் தவிர்க்க முடியும் என்றால் தவிர்த்தேயாக வேண்டும்.

இதில் சட்டப் பக்கமும் உண்டு. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்க, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. ஆங்கில மூலத்தில் அங்கே நிற்கும் சொல் ‘ஹேட்றட்’. வேண்டிய இடத்தில் ‘அப்ஹோர்’ எழுதத் தெரியாமல் ‘ஹேட்’ எழுதுபவர், அந்தப் பிரிவின் சொல்லைத் தானே எடுத்துத் தன் கடிதத்தில் வைக்கிறார்.

‘வெறுப்பு’ பற்றி ஒரு பக்கக் குறிப்பு: பழந்தமிழில் ‘வெறுக்கை’ என்றால் செல்வம், மிகுதி. ‘உரமொருவற்கு உள்ள வெறுக்கை’ என்ற 600ஆம் குறளில் உள்ளத்தின் ஊக்க மிகுதியைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. இன்றைய பொருளை வைத்து அந்தக் குறளை வாசித்தால் தலைகீழாகும்.

‘அருவருப்பு’ நாம் புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. பழைய தமிழ் வேதாகமம் வாசிப்பவர்களுக்கு இது பழகிய சொல். யோபு 42:6இல், ஆங்கிலத்தில் ‘ஐ அப்ஹோர் மைசெல்ஃப்’ என்று வரும் இடம் தமிழில் ‘நான் என்னை அருவருத்து’ என்று வருகிறது. ரோமர் 12:9இல் ஆங்கிலத்தில் அதே ‘அப்ஹோர்’. தமிழில் ‘தீமையை வெறுத்து, நன்மையைப் பற்றிக்கொண்டிருங்கள்’. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரு தமிழ்ச் சொற்கள். ரோமர் வசனத்தில் ‘வெறுத்து’ ஏன் உறுத்துவதில்லை என்றால், வெறுக்கப்படுவது தீமை, ஆள் அல்ல. இதிலிருந்து ஒரு நடைமுறை விதி எடுக்கலாம்: ‘வெறு’ வந்தே தீரவேண்டிய இடத்தில் அதன் செயப்படுபொருள் செயலாகவோ குணமாகவோ இருக்கட்டும்.

‘டிடெஸ்ட்’ இதன் நெருங்கிய உறவு; பொருளும் அண்மையானது. ஆனால் பிறந்த இடம் வேறு. இலத்தீனில் ‘தெஸ்திஸ்’ என்றால் சாட்சி. தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்து ஒருவனைச் சபிப்பதுதான் ‘தெதெஸ்தாரி’. வன்னி மக்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அநியாயம் செய்தவனைப் பார்த்து மண்ணை அள்ளித் தூற்றி ‘வற்றாப்பளை அம்மாள் கேப்பா’ என்று சொல்வதில் இந்தச் சொல்லின் பழைய பொருள் முழுதாக இருக்கிறது: சாட்சி, சாபம், விலக்கு மூன்றும். இன்றைய ஆங்கிலத்திலோ அந்தச் சாபம் தேய்ந்துவிட்டது. வெண்டிக்காய் பிடிக்காது என்பதற்கும் ‘டிடெஸ்ட்’ போடுவார்கள். ஆகவே கனமான எழுத்தில் ‘டிடெஸ்ட்’டை விட ‘அப்ஹோர்’ பாதுகாப்பானது. தமிழில் ‘டிடெஸ்ட்’டுக்குக் கடும் வெறுப்பு போதும்.

‘டிஸ்கஸ்ட்’ நாக்கில் பிறந்த சொல். ‘குஸ்துஸ்’ என்றால் இலத்தீனில் சுவை. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. 1872இல் டார்வின் முக உணர்ச்சிகளை ஆராய்ந்தபோதும் இதைச் சுவைக்கு ஒவ்வாததிலிருந்தே தொடங்கி விளக்கினார். மேலுதடு ஏறி மூக்கு சுருங்குவது, கெட்டதை வாய்க்குள் விடாமல் தடுக்கும் அசைவு. தமிழிலும் இந்த வழி உண்டு. உவர்த்தல் என்பதற்கு உப்புக்கரித்தல், வெறுத்தல் இரண்டும் பொருள். கடலோரக் கிணற்றின் உவர்த் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பியவருக்கு இரண்டாம் பொருள் எப்படி வந்தது என்று தெரியும். கசத்தல், தெவிட்டல், குமட்டல் எல்லாம் இதே வரிசை. ஆனால் இவை உடலோடு நிற்பவை; அறத்தைத் தொடும் பாரம் அவற்றுக்கு இல்லை. அழுகிய மீனுக்கு ‘டிஸ்கஸ்டிங்’ என்றால் குமட்டுகிற. இலஞ்சத்துக்கு ‘டிஸ்கஸ்டிங்’ என்றால் அருவருப்பான. பேச்சில் இதற்கு ‘அரியண்டம்’ இருக்கிறது. உரையாடலை மொழிபெயர்க்கும்போது அது உயிரோடு ஒலிக்கும், ஆனால் தொல்லைக்கும் அதையே சொல்வதால் கொலைக்கும் சித்திரவதைக்கும் அது போதாது.

‘அபோமினேட்’ சகுனத்தில் பிறந்தது: ‘ஓமென்’ என்றால் சகுனம், தீச்சகுனம் என்று ஒதுக்குதல். இடைக்காலத்தில் இதை ‘ஹோமோ’, அதாவது மனிதன் என்ற சொல்லோடு குழப்பி, மனிதத் தன்மைக்கு அப்பாற்பட்டது என்று பொருள் சொல்லி, நடுவில் ஒரு ‘எச்’ சேர்த்தும் எழுதினார்கள். கடுமையாக வெறுத்தலைக் குறிக்கும் ‘லோத்’ இலத்தீனிலிருந்து வந்ததல்ல, பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல்.

அருவருப்புக்குப் பதிலாகத் தொல்காப்பியத்து ‘இளிவரல்’ போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றாக அது இருப்பதும், வடமொழிச் சுவைகளில் பீபற்சம் என்ற அருவருப்புச் சுவையோடு அதை இணைத்துப் பேசுவதும் காரணம். ஆனால் தொல்காப்பியம் இளிவரலுக்குச் சொல்லும் நான்கு நிலைக்களங்களைப் பாருங்கள்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. எல்லாம் ஒருவர் தாழ்வுறும் நிலைகள். குறள் 970இல் ‘இளிவரின் வாழாத மானம் உடையார்’ என்னும்போதும் பொருள் தனக்கு வரும் இழிவு. இன்னொருவர் செய்த கொடுமையிலிருந்து விலகுவது அதில் இல்லை. இளிவரலை மானம் பேசும் இடத்துக்கே விட்டுவிடுவது நல்லது.

இனி எழுதும்போது விழும் பிழைகள். ‘அப்ஹோர்’ முன்னிடைச்சொல் இல்லாமல் நேரே செயப்படுபொருளை ஏற்கும். ‘அப்ஹொரன்ட்’ ஆனால், யாருக்கு என்று சொல்லும்போது ‘டு’ கேட்கும். தமிழில் ‘வெறுத்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதை அப்படியே மாற்றி ‘வீ ஆர் அப்ஹோரிங்’ என்று எழுதுவது தவறு. இது மனநிலையைச் சொல்லும் வினை, தொடர்காலம் ஏற்காது. இறந்தகாலத்தில் ‘ஆர்’ எழுத்து இரட்டிக்கும், ‘அப்ஹொரன்ட்’டிலும் இரட்டிக்கும்; ‘அப்ஹோர்’ என்று தனியாக வரும்போது ஒன்றுதான். முன்னால் ‘வெரி’ சேர்க்கக் கூடாது. சொல்லே உச்சியில் நிற்பது. வேண்டுமானால் ‘அட்டர்லி’ சேர்க்கலாம். ‘ஐ ஆம் டிஸ்கஸ்டிங்’ என்று எழுதினால் ‘நான் அருவருப்பானவன்’ என்று ஆகிவிடும். அருவருப்பு அடைந்தவர் ‘டிஸ்கஸ்டட்’. ‘லோத்’ என்ற வினைக்குக் கடைசியில் ‘ஈ’ எழுத்து உண்டு. அந்த ‘ஈ’ விடுபட்டால் ‘மனமில்லாத, தயங்குகிற’ என்ற வேறு சொல்லாகிவிடும்.

எதிர்ப்பக்கத்திலும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும், பொறி இருக்கிறது. ‘ரிபக்னன்ட்’ பொதுவாக அருவருப்பானது என்றாலும், சட்ட எழுத்தில் ‘அரசியலமைப்புக்கு ரிபக்னன்ட்’ என்றால் முரணானது மட்டுமே. வேரில் அது எதிர்த்துப் போரிடுதல். ‘இயற்கை வெற்றிடத்தை அப்ஹோர் செய்யும்’ என்ற பழமொழியில் அருவருப்பே இல்லை; இயற்கை வெற்றிடத்தை விட்டுவைக்காது என்று எழுதினால் போதும். 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய பிறகு அடிக்கடி காதில் விழும் ‘ஓடியஸ்’ கடன் என்பது அருவருப்பான கடன் அல்ல. மக்களின் நன்மைக்கன்றி ஆட்சியாளர் பட்ட, மக்கள் பொறுப்பேற்கத் தேவையில்லை என்று வாதிடப்படும் கடன்.

‘அருவருப்பு’ என்ற சொல்லை எங்கே கட்டாயம் தவிர்க்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்புக்கு இடமேயில்லாத உறுதி வேண்டும். மக்கள் கூட்டத்தின் மீது இதை ஏவக்கூடாது. 1994இல் ருவாண்டாவின் வானொலி துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லித்தான் கொலைக்கு வழி திறந்தது. ஒரு செயல் அருவருக்கத்தக்கது என்பது அறம். ஓர் இனம் அருவருக்கத்தக்கது என்பது அந்த வானொலியின் மொழி. ருவாண்டாவின் பாடத்துக்கு முன்பே, 1948இன் இனப்படுகொலைச் சமவாயம் தன் முகவுரையில் ‘ஓடியஸ்’, அதாவது வெறுக்கத்தக்க, என்ற சொல்லை இனப்படுகொலை என்ற குற்றத்துக்குச் சூட்டியது, எந்த மக்களுக்கும் அல்ல.

மனு எழுதுபவர்கள் சர்வதேச ஆவணங்களின் படிக்கட்டையும் அறிந்திருக்க வேண்டும். அடியில் ‘கன்சேர்ன்’, அதாவது கரிசனை. பிறகு ஆழ்ந்த கரிசனை. அதற்கு மேல் ‘டிப்ளோர்’. அதற்கு மேல் ‘கொன்டெம்’, கண்டித்தல். உச்சியில் மிக வன்மையாகக் கண்டித்தல். ‘டிப்ளோர்’ வேரில் கதறி அழுதல். இன்று வருத்தம் கலந்த கண்டனம். ‘அப்ஹோர்’ இந்தப் படிகளில் நிரந்தரமாக இடம்பெறும் சொல் அல்ல. கண்டித்தல் ஒரு சபை செய்யும் வினை. அருவருத்தல் மனத்தின் நிலை. அதனால் இரண்டையும் ஒரே வசனத்தில் அதனதன் வேலைக்கு வைக்கலாம்: வினையாகக் ‘கண்டிக்கிறோம்’, செயலுக்கு அடையாக ‘அருவருக்கத்தக்க’.

அந்த அடையை மனுவில் ஒரே ஒரு தடவை வையுங்கள், அதுவும் உண்மைகளுக்குப் பின்னால். திகதி, இடம், நடந்தது, கண்டவர், பொறுப்பான தரப்பு என்று முதலில் வரட்டும். ‘கொடூரமான, ஈனத்தனமான, அருவருப்பான, மிருகத்தனமான’ என்று நான்கை அடுக்கினால் ஆங்கில வாசகர் நான்கையும் தாண்டிவிடுவார். இன்ன நாளில் இன்ன ஊரில் இத்தனை கல்லறைகள் என்று எழுதி அடுத்த வசனத்தில் ‘இது அருவருக்கத்தக்கது’ என்றால் தாண்ட முடியாது.