"ஒறிஜினல்" என்னும் சொல்லும் அதற்கேற்ற தமிழும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை முன்வைத்து

யாழ்ப்பாணத்தில் பழைய கார் ஒன்று விலைக்கு வந்தால், பார்க்க வருபவர் முதலிற் கேட்பது "சாமான் எல்லாம் ஒறிஜினலோ?" என்பதே. கொக்குவிலில் நிற்கும் மொறிஸ் மைனருக்கும், இங்கிலாந்தில் ஏலத்துக்கு வரும் ஜகுவார் ஈ-ரைப்புக்கும் கேள்வி ஒன்றுதான். ஆனால் அச்சொல்லுக்கு நாம் வழங்கும் தமிழ் அதன் பொருளைத் திசைமாற்றிவிடுகிறது என்பது என் துணிபு.

இலத்தீனில் எழுதல், உதித்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து 'ஒரிகோ', அதாவது தோற்றுவாய், பிறந்தது. அதன் வழிவந்ததே 'ஒறிஜினல்'. தோன்றியபோது இருந்த நிலை என்பதே அதன் உட்பொருள். மெய், பொய் என்ற தீர்ப்பு அதன் வேரில் இல்லை. நாம் வழங்கும் 'அசல்' வேர் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்தும், 'மூலம்' அதே பொருளுடைய வடசொல்லிலிருந்தும் வந்தவை. வேர்ப்பொருளில் குறையில்லை, குறை இணைச்சொல்லில் உள்ளது. அசலுக்கு எதிர் போலி என்றே தமிழ்ச் செவி கொள்ளும். ஆகவே ஒரு கார் அசலல்ல என்றவுடன், அதைத் திருத்தியவர் எவரையோ ஏமாற்றிவிட்டார் என்ற சாயல் அவர்மேல் படிந்துவிடுகிறது.

மாற்றியமைத்தல் என்று நாம் கொள்ளும் 'மொடிபை' என்பதற்கும் இழிபொருள் இல்லை. அளவு என்னும் 'மோதுஸ்', செய்தல் என்னும் வினையோடு சேர்ந்து, அளவுக்குள் நிறுத்துதல் என்ற பொருளையே தொடக்கத்தில் தந்தது.

ஒறிஜினல், மொடிபை என்னும் இவ்விணைக்கு ஏற்ற சொற்கள் நம் இலக்கணத்திலேயே இருக்கின்றன. நூல்களை முதல், வழி, சார்பு என வகுக்கும் நன்னூல், முன்னோர் நூலின் முடிபோடு முற்றும் ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கூறி, மரபு அழியாமல் நிற்பதை வழிநூல் என்கிறது. வழிநூலை எவரும் போலிநூல் என்பதில்லை. ஆகவே தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நிலையை 'முதனிலை' என்றும், அதன் மரபு கெடாமற் செய்த மாற்றத்தை 'வழிநிலை' என்றும் வழங்கலாம். மரபையே வெட்டிய மாற்றத்துக்குத் 'திரிபு' என்ற சொல் ஆயத்தமாகவே இருக்கிறது.

1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்றை எடுத்துக்கொள்வோம். பொனற்றின்மேல் இரு விளக்குகள் துருத்தி நிற்பதால் 'தவளைக்கண்' என்று பெயர் பெற்ற சிறு கார் அது. அதன் 948 சிசி எஞ்சின், நம்மூர் மொறிஸ் மைனரிலும் இருந்த ஏ-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பிற்காலத்து 1275 சிசி எஞ்சினையும் முன்சில்லு டிஸ்க் பிறேக்கையும் அதிற் பொருத்துவோர் பலர். பழைய எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் பூசி, சாக்கிற் சுற்றி வைத்திருந்தால், வேண்டியபோது மீண்டும் ஏற்றலாம், அது வழிநிலை. பெரிய எஞ்சின் கொள்ளவேண்டுமென்று உடற்தகட்டை அறுத்தால் அது திரிபு. அறுத்த தகட்டை எவராலும் பழையபடி ஆக்க முடியாது.

எம்ஜிபி என்னும் பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் நுட்பமாகிறது. அமெரிக்க விதிகளுக்காக 1974இல் அதன் குரோம் பம்பரை நீக்கிக் கறுப்பு றப்பர் பம்பரைப் போட்டார்கள். காரின் உயரத்தையும் கூட்டினார்கள். பிந்திய காருக்குக் குரோம் பம்பர் போட்டுத் தாழ்த்துபவர், அழகிய பழைய தோற்றத்தைத் தருகிறார்; ஆயினும் அந்தக் காருக்கு அது முதனிலை அல்ல, ஏனெனில் அது பிறந்ததே கறுப்புப் பம்பரோடுதான். அதனை 1972ஆம் ஆண்டுக் கார் என்று விற்றாலன்றிப் போலி என்ற சொல் அங்கு பொருந்தாது. ஐயம் எழுந்தால் பதிவேடு இருக்கிறது: இங்கிலாந்தின் கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டோர் அருங்காட்சியகம், உற்பத்திப் பதிவுகளைப் பார்த்து எஞ்சின் எண், நிறம் முதலியவற்றுக்குச் சான்றிதழ் தருகிறது.

'றெஸ்ரோர்' என்பதற்கு 'மீள்நிலைப்படுத்தல்' பொருந்தும். 'திருத்துதல்' இங்கே பழுதுபார்த்தலுக்கு வழங்கும் நல்ல சொல். அதை அதற்கே விட்டுவிடலாம். எந்த நிலைக்கு மீட்பது என்பதுதான் கடினமான கேள்வி. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப்பணி நிற்கவேண்டும் என்கிறது. காருக்கும் அந்த வரம்பையே நான் கொள்வேன்.

அண்மையில் ஒரு கராஜில் மொறிஸ் மைனர் ஒன்றின் பொனற்றைத் திறந்து பார்த்தேன். காபரேற்றருக்கு அருகே, பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்கென்று யாரோ பொருத்திய மெல்லிய செப்புக்குழாய் இருந்தது. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில், பெற்றோல் அரிதானபோது மண்ணெண்ணெயில் ஓடிய காரென்பது பார்த்தவுடன் தெரிந்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாததால் கொஞ்சம் பெற்றோல் கொடுத்துத்தான் கிளப்புவார்கள். "இது ஒறிஜினல் இல்லை, கழற்றவோ?" என்று பொடியன் கேட்டான். முதனிலை அல்ல, வழிநிலை என்று சொல்லி, கழற்றவேண்டாம் என்றேன்.